வில்லின் மணியும் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தமும்

பழைய வில்லுப்பாட்டு கேசட் ஒன்று கையில் கிடைத்தால் போட்டுக் கேட்டுப் பாருங்கள். அண்ணாவி வாயைத் திறப்பதற்கு முன்னால், வீசுகோல் வில்லில் விழுவதற்கு முன்னால், யாரோ தொண்டையைச் செருமுவதற்கும் முன்னால் ஒன்று கேட்கும். 'ஸ்ஸ்ஸ்ஸ்...' என்று தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரு சத்தம். பாட்டு தொடங்கியதும் அது போய்விட்டது போலத் தோன்றும். போகவில்லை. உடுக்கை ஓய்ந்து, அண்ணாவி குரலைத் தாழ்த்தி வசனம் பேசும் இடத்தில் மறுபடி தலைகாட்டும்.

இந்தச் சத்தத்தை யாரும் பாடவில்லை. யாரும் வாசிக்கவில்லை. கொடை நடந்த கோயில் முற்றத்தில் நின்றவர்கள் யாரும் அதைக் கேட்கவும் இல்லை. பிறகு கேசட்டுக்குள் எப்படி வந்தது?

விடை தேடிப் போனால் 1928-ன் அமெரிக்கா, 1966-ன் நார்வே, இடையில் நம் சண்டிகர் என்று பல இடங்களைச் சுற்றிவிட்டு மறுபடி நாஞ்சில் நாட்டுக்கே வந்து சேர வேண்டியிருக்கிறது. இன்றைக்கு வீட்டில் ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு உடுக்கையோ, வீணையோ, புல்லாங்குழலோ பதிவு செய்ய உட்காருகிற எல்லோருக்கும் முதல் எதிரி இதே சத்தம்தான். அதனால் அதன் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் வில்லுப்பாட்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கலை இது. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் கோயில் கொடைகளில் விடிய விடியப் பாடுவார்கள். நடுவே நீளமான வில். அதில் வரிசையாக மணிகள். வில்லின் நாணை வீசுகோலால் அடிக்கும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கும். கூடவே உடுக்கை, குடம், தாளம், கட்டை. குடம் நம் வீட்டு மண்குடம் போன்றதுதான். அதன் வாயில் மட்டையால் அறையும்போது வயிற்றுக்குள் இருந்து 'தொம்' என்று ஒரு ஒலி எழும்.

ஒலிப்பதிவு செய்கிறவரின் கண்ணால் இதைப் பார்த்தால் தலை சுற்றும். குடத்தின் ஒலி அடிமட்டத்தில் இருக்கிறது. மணிகளின் கிலுகிலுப்போ காது கேட்கும் எல்லையின் மேல்பக்கத்தில், பல ஆயிரம் ஹெர்ட்ஸில். காப்புப் பாடும்போது எல்லாம் நிதானமாக இருக்கும். சாமி வரும் கட்டம் வந்ததும் உடுக்கையும் வில்லும் குடமும் ஒன்றாகப் பாய்ந்து காதைப் பிளக்கும். இந்த உச்சத்தில் சத்தம் சிதறாமல் இருக்க வேண்டுமானால் பதிவு அளவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் காப்புப் பாட்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த அடியில்தான் 'ஸ்ஸ்ஸ்' காத்திருக்கிறது.

சரி, கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

எடிசன் 1877-ல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு ஏறத்தாழ 50 வருடம் ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் பலத்திலேயே ஊசி அசைந்து மெழுகில் கோடு போடும். பெருக்கி என்ற ஒன்றே இல்லாததால் பெருக்கியின் இரைச்சலும் கிடையாது! ஆனால் அதற்கு விலை உண்டு. ஓங்கிப் பாடினால்தான் பதியும். மெல்லிய வாத்தியம் என்றால் கூம்புக்குப் பக்கத்திலேயே போய் உட்கார வேண்டும்.

இசைத்தட்டு செய்ய அரக்கு பயன்பட்டது. அரக்கு நம் நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் போன சரக்கு. தட்டு உறுதியாக இருக்கவும், இரும்பு ஊசி பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்தவும் அதில் கல்பொடியைக் கலந்தார்கள். ஊசி அந்தப் பொடிமேல் ஓடுவதால் வரும் கரகரப்புதான் பழைய 78 வேகத் தட்டுகளின் அடையாளம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு நிமிடம். விடிய விடியப் பாடும் வில்லுப்பாட்டை அதற்குள் எப்படி அடைப்பது?

1925-ல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. கூம்பின் இடத்தில் மைக். மைக் தரும் மின்சாரம் மிகச் சிறியது, சில மில்லிவோல்ட். அதை ஒரு வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்த கருவி அதை ஏற்றுக்கொள்ளும். அதாவது சுமார் ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். இந்த முதல் பெருக்கத்தைச் செய்கிற கருவிதான் ப்ரீஆம்ப்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஜர்னலில் ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் அது லெட்ஜருக்குப் போகும், ட்ரையல் பேலன்ஸுக்குப் போகும், கடைசியில் பேலன்ஸ் ஷீட்டிலும் போய் உட்காரும். பற்று, வரவு இரண்டிலும் அதே தப்புத் தொகை என்றால் ட்ரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். பின்னால் எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் பயனில்லை, தப்பு முதல் பக்கத்தில் இருக்கிறது. ப்ரீஆம்ப் என்பது ஒலிப்பதிவின் ஜர்னல். அங்கே நுழையும் இரைச்சல், பாட்டோடு சேர்ந்து ஆயிரம் மடங்காகிறது. அதன் பிறகு வரும் எந்தக் கருவிக்கும் எது பாட்டு, எது இரைச்சல் என்று தெரியாது.

அந்த இரைச்சல் ஏன் வருகிறது? 1918-ல் ஜெர்மனியில் வால்ட்டர் ஷாட்கி, வால்வுக்குள் மின்சாரம் தண்ணீர்போல ஓடாமல் துளித்துளியாக, எலெக்ட்ரான் எலெக்ட்ரானாக விழுவதால் ஒரு சலசலப்பு இருக்கும் என்று காட்டினார். கூரையில் விழும் மழைபோல. பிறகு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன், எந்த மின்தடையை எடுத்துக்கொண்டாலும், அதில் மின்சாரமே பாய்ச்சாவிட்டாலும், வெப்பத்தால் ஒரு சிறு இரைச்சல் அதில் இருந்துகொண்டே இருப்பதை அளந்தார். ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இருவரும் ஸ்வீடனில் பிறந்தவர்கள். இருவரின் கட்டுரைகளும் 1928-ல் ஒரே இதழில் வெளிவந்தன.

அந்தக் கணக்குப்படி, ஒரு சாதாரண மைக்கின் 150 ஓம் தடை, நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் சுமார் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தானாகவே உண்டாக்கும். ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோவோல்ட். அதிலும் கால் பங்குகூட இல்லை. ஆனாலும் அது பூஜ்யமும் இல்லை. எவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் அதற்குக் கீழே போக முடியாது. அறையைக் குளிர்வித்தால் குறையுமா என்றால், குறையும். நாகர்கோவில் வெயிலுக்கும் ஊட்டிக் குளிருக்கும் வித்தியாசம் 5 சதவீதம் அளவுக்குத்தான். ஏ.சி. போட்டால் அதன் சத்தம் அதைவிட அதிகமாகக் கேட்கும்!

1944-ல் ஹரால்ட் ஃப்ரீஸ் என்பவர் (இவரும் பெல் ஆய்வுக்கூடம்தான்) இன்னொன்றைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். பெருக்கிகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், மொத்த இரைச்சலைப் பெரும்பாலும் முதல் பெருக்கிதான் தீர்மானிக்கிறது. அவர் எழுதியது ரேடியோ ரிசீவர்களுக்காக. மைக்குக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஜெர்மனியின் ஜார்ஜ் நாய்மன் இதை முன்பே உணர்ந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். 1928-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கண்டென்சர் மைக்கில் பெருக்கும் வால்வு மைக்கின் உடம்புக்குள்ளேயே இருந்தது. சத்தம் மின்சாரமாக மாறிய இடத்திலேயே அதைப் பலப்படுத்திவிட்டால் வழியில் இரைச்சல் சேர்வது குறையும். பிறகு வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1966-ல் நார்வே நாட்டு வானொலி, மைக் கம்பி வழியாகவே மின்சாரம் வேண்டும் என்று கேட்டது. அங்கே அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் சப்ளை இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்றைக்கு வீட்டு ஸ்டுடியோக்காரர்கள் ஒவ்வொரு நாளும் அழுத்துகிற '48 வோல்ட்' பட்டனின் பூர்வீகம் இதுதான்.

இந்த வரலாறு நடந்துகொண்டிருந்தபோது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1943-ல் திருவனந்தபுரத்தில் சமஸ்தான வானொலி தொடங்கியது. 1950-ல் அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போனது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1963-ல் திருநெல்வேலி நிலையம் வந்தது. 1984-ல் நாகர்கோவிலுக்கே ஒரு நிலையம் கிடைத்தது. நாட்டில் அமைந்த முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான்.

இடையில் வில்லும் ஊரைவிட்டு வெளியே கிளம்பியிருந்தது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அதைக் கோயில் முற்றத்திலிருந்து சென்னை மேடைக்கு எடுத்துப்போனார். அவரிடம் வந்து சேர்ந்த திருநெல்வேலிக்காரர் சுப்பு ஆறுமுகம் (1928–2022) வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் வில்லைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் வானொலியில் கேட்டவர்களுக்கு முழு வில்லும் கேட்டதா? மீடியம் வேவ் ஒலிபரப்பில் சுமார் 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வராது. அண்ணாவியின் குரல் வரும். குடம் ஓரளவு வரும். மணிகளின் மேல்பகுதி வீட்டு ரேடியோ வரை வந்து சேரவே சேராது. சினிமாத் தியேட்டரிலும் இதே கதைதான். ஃபிலிமின் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த ஒலித்தடத்துக்கு இரைச்சல் அதிகம் என்பதால், மேல் அலைவரிசைகளை வேண்டுமென்றே குறைத்துத்தான் தியேட்டரில் ஒலிக்கவிட்டார்கள். இரைச்சலை அடக்கப் போனபோது மணியும் சேர்ந்து அடங்கியது. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இப்போது டேப்.

காந்த நாடாவில் பதியும் கருவியை ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் 1935-ல் காட்டியது. கரகரப்பு போனது. நேரக் கட்டுப்பாடு போனது. அதன் இடத்தில் 'ஸ்ஸ்ஸ்' வந்தது. நாடாவில் பூசியிருக்கும் நுண்ணிய காந்தத் துகள்கள் ஒன்றுபோல இருக்காததால் வரும் சத்தம் அது.

இங்கேதான் நம் நாடு கதைக்குள் வருகிறது. ரே டால்பி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். சண்டிகரில் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் வேலை. ஓய்வு நேரத்தில் இந்திய இசையை டேப்பில் பதிவு செய்வது அவருக்குப் பிடித்த காரியம். நம் வாத்தியங்களைப் பதிந்து கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் டேப் இரைச்சலைப் பற்றிய யோசனையும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 1965-ல் லண்டன் போய்க் கம்பெனி தொடங்கினார். ஸ்டுடியோக்களுக்கான முதல் முறையை 1966-ல் விற்றார். 1968-ல் வீட்டு உபயோகத்துக்கான 'டால்பி பி' வந்தது. கேசட் பிளேயர்களில் இரண்டு 'டி' எழுத்துகள் சேர்ந்து நிற்கும் சின்னத்தைப் பார்த்திருப்பீர்களே, அவருடையதுதான்.

டால்பியின் உத்தி எளிமையானது. பதியும்போது மெல்லிய சத்தங்களை, குறிப்பாக மேல் அலைவரிசையில் உள்ளவற்றை, உயர்த்திப் பதிந்துவிடு. திரும்பக் கேட்கும்போது அதே அளவு தாழ்த்து. பாட்டு பழைய அளவுக்கு வந்துவிடும். இடையில் நாடாவில் சேர்ந்த இரைச்சல் மட்டும் தாழ்ந்துபோகும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயர்த்தியதற்கும் தாழ்த்தியதற்கும் நடுவில் நுழைந்த இரைச்சலை மட்டும்தான் டால்பி அடக்கும். அதற்கு முன்னாலேயே ப்ரீஆம்பில் நுழைந்துவிட்ட இரைச்சல் இருக்கிறதே, அது டால்பிக்குப் பாட்டு மாதிரி. பத்திரமாக உயர்த்தி, பத்திரமாகத் தாழ்த்தி, அப்படியே உங்கள் கையில் கொடுத்துவிடும். ஜர்னல் தப்பை லெட்ஜரில் திருத்த முடியாது!

1970-களின் பிற்பகுதியில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாஞ்சில் நாட்டுக்கு வந்து தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்தார். கொடைகளில் உட்கார்ந்து டேப்பில் பதிந்து, பாடியதைப் பாடியபடி எழுதி, மொழிபெயர்த்து, 1988-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார். அதுவரை ஏட்டிலும் அச்சிலும் இருந்த கதைக்கும், கொடையில் சாமி வருவதற்காகப் பாடப்படும் கதைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டுமானால் ஒலிப்பதிவு இல்லாமல் முடியாது. ஏடு எதைப் பாடினார்கள் என்று சொல்லும். எந்த இடத்தில் உடுக்கை வேகம் எடுத்தது, எந்த இடத்தில் அண்ணாவி நிறுத்தி மூச்சு வாங்கினார் என்று சொல்லாது.

ஆய்வாளர்கள் மட்டும் பதிவு செய்யவில்லை. 1963-ல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேசட், 1980-களில் ஊர் ஊராக வந்து சேர்ந்தது. வில்லுப்பாட்டு கேசட்டுகள் கடைக்கு வந்தன. கொடை நடக்கும்போது மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப் ரிக்கார்டரில் செருகியும், அது முடியாவிட்டால் ஸ்பீக்கர் பக்கத்தில் ரிக்கார்டரை வைத்தும் ஊர்க்காரர்களே பதிந்துகொண்டார்கள். மைக்கின் சொந்த இரைச்சல், ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல், கேசட்டின் இரைச்சல் என்று மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பதிவுகள் அவை. கூடவே ஜெனரேட்டரின் 'உர்ர்'. ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் மைக்கில் மோதும் கணவாய்க் காற்று வேறு.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றின் 'பட பட'வுக்கு மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி போதும். 'உர்ர்' என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். எர்த் சரியில்லாததால் வருவது, வயரிங்கைச் சரிபார்த்தால் போகும். 'ஸ்ஸ்ஸ்' மட்டும்தான் பிறவிக்குணம்.

பிறகு டிஜிட்டல் வந்தது. சாதாரண கேசட்டில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 50 டெசிபல் சொச்சம். சி.டி.யில் 96. இன்றைய 24 பிட் பதிவில் கணக்குப்படி 144. தட்டின் கரகரப்பு போயிற்று, டேப்பின் இரைச்சலும் போயிற்று. இனி சுத்தமான மௌனம்தான் என்று நினைத்து வீட்டில் மைக்கை மாட்டினால், அதே 'ஸ்ஸ்ஸ்'!

இது எங்கிருந்து வந்தது? புதிதாக வரவில்லை. 1925 முதல் அங்கேயேதான் இருந்தது. முதலில் தட்டின் கரகரப்பும், அப்புறம் டேப்பின் இரைச்சலும் அதை மறைத்து வைத்திருந்தன. மறைத்தவை விலகியதும் ப்ரீஆம்ப் வெட்டவெளிச்சத்துக்கு வந்துவிட்டது. ஒலிப்பதிவின் நூறு வருட வரலாற்றை ஒரே வரியில் சொல்வதென்றால், ஒவ்வொரு இரைச்சலும் போனபோது அதற்குப் பின்னால் நின்ற அடுத்த இரைச்சல் தெரிந்தது.

இப்போது கொஞ்சம் கணக்கு. மேடைகளிலும் வீடுகளிலும் பரவலாகப் புழங்கும் ஷூர் எஸ்.எம். 57 என்ற மைக் 1965-ல் வந்தது. 94 டெசிபல் சத்தத்துக்கு, அதாவது பக்கத்தில் ஓங்கிப் பாடும் குரல் அளவுக்கு, அது சுமார் 1.6 மில்லிவோல்ட் தரும். உடுக்கையை விரலால் மெல்லத் தட்டும் ஒரு கட்டத்தை ஒரு மீட்டர் தள்ளியிருந்து பதிவதாக வைத்துக்கொள்வோம். மைக்குக்கு வரும் சத்தம் 54 டெசிபல் என்றால் கிடைப்பது 16 மைக்ரோவோல்ட். நல்ல ப்ரீஆம்பின் இரைச்சல் 0.3 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். விலை குறைந்த ஒன்றில் 0.8 என்று வையுங்கள். நல்லதில் உடுக்கை இரைச்சலைப்போல 50 மடங்கு. மட்டமானதில் 20 மடங்கு. வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரியும்.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். மைக்கை ஒரு மீட்டரிலிருந்து கால் மீட்டருக்கு நகர்த்துங்கள். தூரம் நாலில் ஒன்றானால் நேராக வரும் சத்தம் நாலு மடங்காகும். 16 மைக்ரோவோல்ட் 64 ஆகிறது. இப்போது அந்த மட்டமான ப்ரீஆம்பிலேயே 80 மடங்கு! ஒரு மீட்டர் தூரத்தில் வைத்த விலை உயர்ந்த ப்ரீஆம்பை, கால் மீட்டரில் வைத்த மலிவானது ஜெயித்துவிட்டது. செலவு பூஜ்யம்.

அப்படியென்றால் ஆளுக்கு ஒரு மைக், வாத்தியத்துக்கு ஒரு மைக் என்று கிட்டக் கிட்ட வைத்துவிடலாமே? அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மைக்கோடும் ஒரு ப்ரீஆம்பும் அதன் இரைச்சலும் சேர்ந்து வரும். நாலு மைக்கைத் திறந்து வைத்தால் இரைச்சல் இரண்டு மடங்கு. அதுவும் போக, வில்லுப்பாட்டு என்பது ஒரே வில்லைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுகிற கலை. அண்ணாவி ஒரு வரி பாடினால் எதிரே இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். ஆளைத் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைத்தால் பதிவு சுத்தமாக இருக்கும், பாட்டு செத்துப்போகும். ஒன்றோ இரண்டோ மைக், சரியான இடம், உச்சக் கட்டத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லி அதற்கேற்பத் திருகிய அளவு. நூறு வருட ஆராய்ச்சியின் சாரம் கடைசியில் இவ்வளவுதான்.

புதிதாகப் பதிவதற்கு இது சரி. ஏற்கெனவே பதிந்தவை?

நாஞ்சில் நாட்டு வீடுகளில் பரண்மேல் கேசட்டுகள் இருக்கின்றன. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், ஈரம் அதிகம், நாடாவில் பூஞ்சை பிடிக்கிறது. பாடியவர்களோ ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெண் அண்ணாவியாகக் குமரி மாவட்டக் கொடைகளில் பேர் பெற்ற பூங்கனி 2018-ல் மறைந்தார். இப்படிப்பட்டவர்களின் குரல் நாளைக்குக் கேட்குமா என்பது அந்தப் பரண்களில் இருப்பதைப் பொறுத்தது. நல்லவேளையாக, சிலர் கேசட்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஏற்றியதும் செய்கிற முதல் காரியம், 'நாய்ஸ் ரிடக்ஷன்'.

1979-ல் ஸ்டீவன் போல் என்பவர், பேச்சில் கலந்த இரைச்சலைக் கம்ப்யூட்டர் வைத்துக் கழிக்கும் ஒரு முறையை வெளியிட்டார். இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டு, அதன் அளவை ஒவ்வொரு அலைவரிசையிலும் கணக்கிட்டு மொத்தத்திலிருந்து கழித்துவிடு. இந்த வழியில் வந்த மென்பொருள்கள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. 2000-ல் வந்த ஆடாசிட்டியில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு கிளிக். 'ஸ்ஸ்ஸ்' காணாமல் போகும். முதல் தடவை கேட்கும்போது மாயம் போலத்தான் இருக்கும்.

அந்த ஞாபகம் வைக்கச் சொன்ன வாக்கியம் இப்போது வருகிறது. 'ஸ்ஸ்ஸ்' எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடந்தாலும் காதில் உறுத்துவது மேல்பகுதிதான். வில்லின் மணி ஒலிப்பதும் அதே மேல்பகுதியில். வீசுகோல் பட்ட நொடியில் மணி பலமாக இருக்கும், அப்போது தப்பித்துக்கொள்ளும். பிறகு 'கிணிகிணி'யென்று தேய்ந்து அடங்கும் அந்த வால் பகுதி இருக்கிறதே, அது இரைச்சலின் அளவுக்கு இறங்கிவிடும். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். சேர்த்துக் கழித்துவிடும். மீதி இருப்பது குரல், குடம், மொட்டையான 'டக் டக்'. அதிகமாகக் கழித்தால் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல ஒரு குளுகுளுப்பும் சேரும். அண்ணாவியின் வசனம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கும். அது வில்லுப்பாட்டாக இருக்காது, 'பாட்டு' மட்டும் மிஞ்சியிருக்கும்.

மீடியம் வேவ் ரேடியோ மணியை விட்டுவிட்டுப் போனது. ஆனாலும் வில் ஊரில் இருந்தது, போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேசட் விஷயம் அப்படி இல்லை. அந்தக் கொடை முடிந்துவிட்டது. அந்த அண்ணாவி இல்லை. அந்த வில் எந்த வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறதோ. சுத்தம் செய்த கோப்பை வைத்துக்கொண்டு, இடம் அடைக்கிறது என்று மூலத்தை அழித்துவிட்டால் அந்த மணியைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளும் கிடையாது. இரைச்சலோடு இருக்கும் மூலம் கையில் இருந்தால், பத்து வருடம் கழித்து வரும் நல்ல மென்பொருளாவது மணியையும் இரைச்சலையும் பிரித்துப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

அதனால் செய்ய வேண்டியது இரண்டே இரண்டு. கேசட்டை ஏற்றும்போது முன்னும் பின்னும் உள்ள வெற்று 'ஸ்ஸ்ஸ்'ஸையும் சேர்த்து, எதையும் கழிக்காமல் ஒரு பிரதி. அதைத் தொடாமல் எடுத்து வைத்துவிட வேண்டும். துடைப்பது, மெருகூட்டுவது எல்லாம் இன்னொரு பிரதியில். கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழகின விஷயம்தான். எத்தனை ஸ்டேட்மெண்ட் தயாரித்தாலும் ஒரிஜினல் வவுச்சரைக் கிழித்துப் போட மாட்டார்களே.

அடுத்த தடவை பழைய கேசட்டில் அந்தத் தூரத்து மழை கேட்டால் சட்டென்று அணைத்துவிடாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வீசுகோல் விழுந்து ஓய்ந்த மறுநொடி வரை காத்திருங்கள். இரைச்சலுக்கு நடுவில் கடைசி மணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்.